தண்ணி போகாதுல்ல சார்?

ரிமோட்ல ஓடுற குட்டி லாரிக்குள்ள தண்ணி போகாம அடைச்சுக் குடுக்குறது என் தொழில். இப்படி ஒரு தொழில் இருக்குறதே பெரம்பலூர்ல பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிஞ்ச மீதிப் பேரு என்னத் திட்டிக்கிட்டு இருக்காங்க.

மொட்டமாடி ஒழுகல அடைக்கிறவங்க, கெணத்து மோட்டாருக்கு காயில் கட்டுறவங்க, மழையில நனைஞ்ச போனப் பிரிச்சு வச்சுக்கிட்டு முழிக்கிறவங்க, எல்லாரும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. நம்ம எல்லாருக்கும் வந்த வெனை ஒண்ணுதான். எங்கடா ஓட்டைன்னு நாம தேடிக்கிட்டு இருப்போம், தண்ணி அதுக்குள்ள போயி, வேலைய முடிச்சு, வெளிய வந்து நின்னுக்கிட்டு இருக்கும். உங்களுக்குச் சொல்லணுமா என்ன?

நான் அடிப்படையில செல்போன் ரிப்பேர்காரன். புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, பஷீர் பாயோட பேட்டரி கடைய ஒட்டி ஒரு ஷட்டர். ஒருநாள் சிங்கப்பூர்லேர்ந்து லீவுல வந்தவரு ஒருத்தரு, முழங்கை நீளத்துக்கு ஒரு லாரியக் கொண்டாந்து மேசை மேல வச்சாரு. மகனுக்குன்னு வாங்குனதாம். குட்டையில எறக்குனாராம், நின்னு போச்சாம். மகன் பக்கத்துல எங்கயும் காணோம். பிரிச்சுப் பாத்தா உள்ள ரிமோட் சொல்றதக் கேக்குற போர்டு ஒண்ணு, மோட்டாருக்கு கரண்ட் அளந்து விடுற போர்டு ஒண்ணு, சக்கரத்தத் திருப்புற சின்ன மோட்டாரு ஒண்ணு. எல்லாத்தையும் காய வச்சு, போர்டு மேல கண்ணாடி மாதிரி ஒரு கோட்டிங் பூசி, வயர் சேருற எடத்துல கிரீஸ் அப்பி, ரிமோட் போர்ட ஒரு பலூனுக்குள்ள போட்டுக் கட்டிக் குடுத்தேன். ஓடிருச்சு. அன்னிக்கு அது ஓடாம இருந்திருந்தா இன்னிக்கு நான் நிம்மதியா இருந்திருப்பேன்.

பேரு பரவிருச்சு. சிங்கப்பூர், துபாய்னு போயிட்டு வர்றவங்க எல்லாம் பெட்டியில ஒரு லாரியோட வர ஆரம்பிச்சாங்க. ஐப்பசி பொறந்தா போதும், அடைச்சுக் குடுத்த வண்டியெல்லாம் ஒண்ணொண்ணா என் கடைக்குத் திரும்பி வரும். சோத்துல கை வச்சா போன். பஸ்ல ஏறுனா போன். என் சம்சாரம் சுதா இதப் பாத்துப் பாத்து வெறுத்துப் போயிட்டா. அவளுக்குச் சொந்த ஊரு அரியலூர். அங்க பஸ் ஸ்டாண்டுகிட்ட அவ அண்ணன், அதாவது என் மச்சான், பெருசா செல்போன் கடை வச்சிருக்காரு. “எதுக்கு மாப்ள இந்தத் தலைவலி? கடைய மூடிட்டு நம்மகிட்ட வந்து போனுக்குக் கண்ணாடி ஒட்டுங்க, கவர் மாட்டுங்க”ன்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தாரு. எனக்கு மனசு ஒப்பல. ஒழுகுதோ ஒழுகலையோ, இது என் கடை. பலகையில என் பேரு இருக்கு. அத எப்படி என் கையால எறக்கி வைக்கிறது?

போன மழைக்கு முன்னாடி சுதா முடிவா ஒண்ணு சொன்னா: “இந்த மழைக்கு நீங்க அடைச்சுக் குடுக்குற வண்டியில ஒண்ணே ஒண்ணு திரும்பி வராம இருக்கட்டும், நான் வாயே தொறக்கல. எல்லாம் வந்துச்சுன்னா தை பொறந்ததும் அரியலூர்.”

நானும் சரின்னுட்டேன். ஒரு வண்டிதானே!

*தெர்மாகோல்*

மொதல்ல வந்தவரு கீழப்பழுவூர் தனபால். சொந்தமா டிராக்டர் வச்சிருக்காரு. மச்சினன் துபாய்லேர்ந்து வாங்கியாந்த லாரிய அட்டைப்பெட்டி பிரிக்காம, உள்ள இருந்த தெர்மாகோல் கூட கழட்டாம, பஸ்ல மடியில வச்சுக் கொண்டாந்திருந்தாரு. “தண்ணி போகாதுல்ல சார்?”னு உக்காரும்போது கேட்டாரு. டீ வந்ததும் கேட்டாரு. டீ குடிச்சு முடிச்சுட்டும் கேட்டாரு. பஸ் ஏறுனப்புறம் போன் பண்ணி, பஸ் சத்தத்துல நான் சொன்னது கேக்கலன்னு மறுபடியும் கேட்டாரு.

அந்த வண்டிக்கு நான் வேலை பாத்த மாதிரி எந்த வண்டிக்கும் பாத்ததில்ல. பூசி, காயவிட்டு, அதுக்கு மேல பூசி, வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்து, பாயையும் பாக்கச் சொன்னேன். அவரு கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டு பாத்துட்டு, “மாஷா அல்லாஹ், இதுக்குள்ள எறும்பு கூட போகாது தம்பி”ன்னாரு. சந்தோசமா தனபால்கிட்ட வண்டியக் குடுத்தேன். அவரு வண்டியப் பாக்கறதுக்கு முன்னாடி பெட்டிக்குள்ள எட்டிப் பாத்தாரு.

“அந்த தெர்மாகோலத் தூக்கிப் போட்டுறலயே சார்?”

*நாலு எலுமிச்சம்பழம்*

குமரேசன் அரியலூர் பக்கம். வண்டிய வாங்கிக்கிட்டு கெளம்புறப்பவே, “கோட்டிங் இன்னும் காயாம பச்சையா இருக்குங்க. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் தண்ணி காட்டாதீங்க”ன்னு சொல்லித்தான் அனுப்புனேன். “அதுக்கென்ன சார், சரி”ன்னாரு. சரின்னவரு வூட்டு வாசலத் தாண்டல. சம்சாரம், மச்சினிச்சி எல்லாரையும் ஏத்திக்கிட்டு நேரா கல்லங்குறிச்சி கோயிலுக்கு.

புது வண்டி எடுத்தா பெருமாள் கோயில் வாசல்ல பூசை போடாம யாரு ஓட்டுவா? குட்டி லாரிக்கும் அதே மரியாதைதான். சின்னதா ஒரு மாலை, முன்கண்ணாடியில சந்தனம் குங்குமம். அதோட விட்டிருந்தா தேவல. நாலு சக்கரத்துக்கும் முன்னாடி நாலு எலுமிச்சம்பழத்த வச்சுட்டாங்க. நெச லாரின்னா பழம் நசுங்கும். இது முழங்கை நீள வண்டி. குமரேசன் ரிமோட்ட அமுக்க, சக்கரம் பழத்து மேல ஏறப் பாக்க, பழம் உருள, வண்டி முக்கி மொனகி மூக்கத் தூக்கிக்கிட்டு அப்படியே மல்லாந்து விழுந்திருக்கு. விழுந்தது சும்மா தரையில இல்ல. ஆலம் சுத்துறதுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சு மச்சினிச்சி பக்கத்துல வச்சிருந்த தாம்பாளத்துல.

மறுநாள் கடை தொறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னாரு. பிரிச்சா உள்ள எல்லாம் ஒரே செவப்பு, கோட்டிங்கோட சேர்ந்து காஞ்சு போயி சொரண்டவும் வரல. “ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதாங்க?”ன்னு கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியல.

“சாமிக்குக் காட்டாத வண்டிய எப்படி சார் வூட்டுக்குள்ள கொண்டு போறது?”

*கூட ஒரு கை*

தங்கவேலு அண்ணன் குழாய் வேலை பாக்குறவரு. பெரம்பலூர் டவுன்ல பாதி வூட்டுக்கு அவருதான் பைப் போட்டாரு. நான் அடைச்சுக் குடுத்த வண்டிய வூட்டுக்குக் கொண்டு போயி பாத்திருக்காரு. பாத்துட்டு, பாவம் பய பூசினது பத்தாதுன்னு நெனச்சிருக்காரு. தொழில் தெரிஞ்ச மனுசன், கை சும்மா இருக்குமா? ரெண்டு உருண்டையப் பெசைஞ்சு பைப் மூட்டுல அப்புவாங்களே, அந்தச் சாந்த எடுத்து நான் பூசுனதுக்கு மேல அப்பிட்டாரு. போர்டு, வயரு, திருகாணித் தலை, கடைசியில ஆன் பண்ற சுவிட்சு, எதையும் விடல. பேட்டரி உள்ளயே மாட்டிக்கிச்சு. சார்ஜ் போட ஓட்டை இல்ல.

வண்டியக் கையில வாங்குனா செங்கல்லு கனம். உளி கொண்டு உடைச்சாலும் ஒடையாதுன்னு பாத்த உடனே தெரிஞ்சு போச்சு. “அண்ணே, ஏண்ணே?”ன்னேன். எனக்கு ஆறுதல் சொல்ற மாதிரி தோள்ல கை வச்சாரு.

“ஒரு சொட்டு ஒழுகாது தம்பி, அதுக்கு நான் கேரண்டி. ஓட வைக்கிறது மட்டும் நீ பாத்துக்க.”

*உள்ளுக்குள்ள*

இதுக்கப்புறம் எனக்கு ரோசம் வந்துருச்சு. மெடிக்கல் ஷாப் வச்சிருக்குற ராஜ்குமாரோட வண்டிக்கு பலூன் கிலூன் எல்லாம் விட்டுட்டு, ரப்பர் வச்ச மூடி போட்ட சின்ன சோத்து டப்பாவ வாங்கி, போர்டு ரெண்டையும் உள்ள வச்சு இறுக்கி மூடிட்டேன். வயர் வெளிய வர்ற எடத்துலயும் அடைச்சாச்சு. வாளித் தண்ணியில முக்கிப் பாத்தேன். ஒரு காத்துக் குமிழி கூட கிளம்பல. அன்னிக்கு சாயங்காலம் வூட்டுக்குப் போறப்ப விசில் அடிச்சுக்கிட்டே போனேன்னு சுதா சொன்னா.

ரெண்டு வாரம் ஓடுச்சு. ராஜ்குமாரு மழை விட்ட ஒரு மத்தியானம் சுள்ளுன்னு வெயில்ல வண்டிய விரட்டோ விரட்டுன்னு விரட்டிட்டு, சூட்டோட தொட்டித் தண்ணியில விட்டிருக்காரு. நின்னு போச்சு. பிரிச்சா வெளியில இருந்து ஒரு சொட்டு உள்ள போகல, சத்தியமா போகல. ஆனா டப்பாவுக்குள்ள முத்து முத்தா தண்ணி. மழைநாள்ல மூடுனது இல்லையா, மூடும்போதே உள்ள ஈரக்காத்து இருந்திருக்கு. வண்டி சூடாகி, குளுந்த தண்ணி பட்டதும், சுடுசோறு வச்ச டப்பா மூடி வேர்க்குற மாதிரி வேர்த்து ஊத்திருச்சு. நான் டப்பாவக் கையில வச்சுக்கிட்டு உக்காந்தே இருந்தேன். பஷீர் பாய் எட்டிப் பாத்தாரு. பேட்டரிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தவரு, ஜக்கக் கீழ வச்சுட்டு வந்தாரு.

“வெளித்தண்ணிய நிறுத்திட்டீங்க தம்பி, இப்ப அது உள்ளுக்குள்ளயே அழுவுது, அதுக்கு என்னத்தப் பூசுவீங்க?”

*மக்காச்சோளம்*

குன்னம் பக்கத்துல பெரியசாமின்னு ஒரு விவசாயி. சிங்கப்பூர்ல இருக்குற மகன் பேரனுக்கு அனுப்புன வண்டிய தாத்தாவே ஓட்டிக்கிட்டு இருந்தாரு. ஒரு நாள் போன் போட்டு, வண்டி வாய்க்கால்ல விழுந்துருச்சு, ஓடுது ஆனா திக்குதுன்னாரு. இப்பவே காய வச்சுட்டா பொழைச்சுக்கும்னு எனக்குத் தோணுச்சு. திரும்பி வராத வண்டியா இதுவே இருந்துட்டா? அந்த ஆசையில, “திருகாணியக் கழட்டி எல்லாத்தையும் தனித்தனியா வெயில்ல போடுங்க”ன்னு சொன்னேன். “எம்மாம் நேரம் காயணும்?”னு கேட்டாரு. விவசாயிக்குப் புரியுற மாதிரி சொல்லலாம்னு நெனச்சேன் பாருங்க, அங்கதான் என் சனி. “உங்க மக்காச்சோளம் எப்படிக் காயணுமோ அப்படிக் காயணும்”னுட்டேன்.

எங்க ஊருப் பக்கம் மக்காச்சோளம் எங்க காயும்? ரோட்டுல. பெரியசாமி ரோட்டோரமா படுதா விரிச்சு சோளத்தப் பரப்பி, அதுக்கு மேலயே போர்டு, பல்சக்கரம், திருகாணி, எல்லாத்தையும் பரப்பி விட்டிருக்காரு. சோளத்தக் காலால கிளறுறப்ப இதையும் சேத்துக் கிளறியிருக்காரு. சாயங்காலம் மானம் கறுத்துருச்சு. அக்கம்பக்கத்துல இருந்தவங்க எல்லாம் ஓடியாந்து ஆளுக்கொரு பக்கம் வாரி மூட்டையில கட்டிட்டாங்க. மறுநாள் காலையில வியாபாரி லாரி வந்து ஏத்திக்கிட்டுப் போயிருச்சு.

மிஞ்சுன ஒரு மூட்டையயும், வண்டியோட மேல்கூட்டையும் டி.வி.எஸ்.ல வச்சுக் கட்டிக்கிட்டு கடைக்கு வந்தாரு. நானும் பாயும் கடை வாசல்ல சாக்க விரிச்சு மூட்டையக் கொட்டி, குனிஞ்சு நிமிந்து பொறுக்குனோம். சக்கரம் திருப்புற மோட்டாரும் ரெண்டு திருகாணியும் கெடைச்சுச்சு. போர்டு ரெண்டும் எந்த ஊரு கோழித் தீவனத்துல இருக்கோ. இடுப்பப் புடிச்சுக்கிட்டு நிமிந்தேன். பெரியசாமி என்னைய வருத்தத்தோட பாத்தாரு.

“மக்காச்சோளம் மாதிரி காயணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

*ஏரி*

அன்பழகன் அரியலூர்ல சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுறவரு. வாரமெல்லாம் பெரிய லாரி ஓட்டிட்டு, லீவு நாள்ல குட்டி லாரி ஓட்டுவாரு. வேற பொழுதுபோக்கே கெடையாதான்னு கேட்டதுக்கு, இதுல ஆர்.டி.ஓ. கெடையாதுல்லன்னாரு. நல்ல மனுசன். அவருகிட்ட மட்டும் தெளிவா சொல்லியிருந்தேன்: சக்கரம் முழுகுற அளவு தண்ணின்னா சரி. வண்டியே முழுகுனா ரிமோட் சிக்னல் தண்ணிக்குள்ள போகாது, வண்டி அங்கயே நின்னுரும்னு. தலையத் தலைய ஆட்டுனாரு.

ஒரு ஞாயித்துக்கிழமை போன். குரல்ல ஒரு பெருமை இருந்துச்சு. ஏரிக்கரையில கூட்டம் கூடிருச்சாம். அத்தன பேரு பாக்குறப்ப சக்கரம் அளவோட எப்படி நிறுத்துறது? உள்ள விட்டாரு. இன்னும் உள்ள விட்டாரு. வண்டி முழுகுன எடத்துல கொஞ்ச நேரம் வட்டம் வட்டமா அலை வந்துச்சாம், அப்புறம் அதுவும் நின்னு போச்சாம். ரெண்டு பேரு எறங்கித் தொழாவியும் சேத்துல கால் புதைஞ்சதுதான் மிச்சம்.

“உள்ள ஒரு சொட்டு தண்ணி போயிருக்காது சார், உங்க வேலை மேல நம்பிக்கை இருக்கு. வண்டிதான் தண்ணிக்குள்ள போயிருச்சு.”

*ஸ்டூல்*

நான் போன வச்சுட்டு சந்தோசமா வூட்டுக்குப் போயி, ஒரு வண்டி திரும்பியே வராதுன்னு சொன்னேன். சுதா காய் நறுக்கிக்கிட்டே, முழுகிப் போனதெல்லாம் கணக்குல வராதுன்னுட்டா. எனக்கும் தெரியும், வராதுதான்.

மார்கழி பாதி ஓடிருச்சு. மத்த வண்டி எல்லாம் வந்தாச்சு. தனபாலோட வண்டி மட்டும் வரல. போன் கூட வரல. தொட்டதுக்கெல்லாம் போன் போட்ட மனுசன் சத்தமே இல்லாம இருக்காருன்னா வண்டி கல்லு மாதிரி இருக்குன்னுதானே அர்த்தம்? எனக்குப் புது உசுரு வந்துச்சு. சுதா அதுக்கும் நம்பல. “நேர்ல போயிப் பாத்துட்டு வாங்க. அப்படியே அரியலூர்ல அண்ணனயும் பாத்துட்டு வந்துருங்க”ன்னா. கெளம்புனேன். கீழப்பழுவூருக்கு அரியலூர்ல எறங்கி பஸ் மாறணும். மச்சான் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல. தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான் போனேன், ஆனாலும் பாத்துட்டாரு.

கடை நெறைய ஆளு. “வாங்க மாப்ள, வாங்க”ன்னு கூப்புட்டு, கல்லாவுக்குப் பின்னாடி, மாடிப்படிக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலக் காட்டுனாரு. உங்களுக்குன்னே வாங்குனதுன்னாரு. நிமிந்தா தலை படியில இடிக்கும். கண்ணாடி ஒட்டிக்கிட்டு இருந்த பயலுக ரெண்டு பேரும் என்னப் பாத்தானுங்க. மச்சான் கெட்டவரு இல்லங்க. மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டுச் சொல்லல, அதான் இன்னும் வலிச்சுச்சு.

“காலையில கடைய கூட்டுற ஆள கூட நிறுத்திட்டேன் மாப்ள, அதான் நீங்க வர்றீங்களே.”

*பாலித்தீன்*

தனபால் வூட்டு வாசல்ல டிராக்டர் நின்னுச்சு. சீட்டு மேல கம்பெனி போட்ட பாலித்தீன் கவர் கிழிஞ்சு தொங்குது, கழட்டல. உள்ள போனேன். சோபாவுக்குக் கவர், டி.வி. ரிமோட்டுக்குக் கவர், அந்தக் கவருக்கு மேல ரப்பர் பேண்டு. ஷோகேஸ்ல நடு தட்டுல என் வண்டி. தெர்மாகோல் மேல உக்காந்திருக்கு, சுத்தி பாலித்தீன். சக்கரத்துல ஒரு மண்ணு கெடையாது.

“தண்ணியில விட்டுப் பாத்தீங்களா?”ன்னு கேட்டேன். உங்க புள்ளைய கெணத்துல தூக்கிப் போட்டீங்களான்னு கேட்ட மாதிரி அவரு சம்சாரம் அடுப்படியில இருந்து எட்டிப் பாத்துச்சு. நான் கெஞ்சுனேன். வெக்கத்த விட்டுச் சொல்றேன், ஒரு வாளித் தண்ணி, என் கண்ணு முன்னாடி ஒரே ஒரு தடவன்னு கெஞ்சுனேன். என் கடையே இதுலதாங்க இருக்குன்னும் சொன்னேன். கடைசியில மனசு எறங்கி, வாசல் சிமெண்டுத் தரையில வேணா ஓட்டிக் காட்டுறேன்னாரு. தரையத் தொடைச்சு, அது காயுற வரைக்கும் காத்திருந்து, வண்டிய எறக்கி, ரிமோட்ட என் கையில குடுத்தாரு. என்னமா ஓடுச்சு தெரியுமா! என் கை வேலைய நானே ரசிச்சுக்கிட்டு நிக்கிறேன், படபடன்னு மழை.

கடவுளே வந்துட்டாருன்னு நெனச்சேன். இப்ப நனையும், நனைஞ்சும் ஓடும்! தனபால் ஒரே பாய்ச்சல். வண்டிய வாரி எடுத்து, துண்டால மூடி, புள்ளைய அணைச்ச மாதிரி அணைச்சுக்கிட்டு உள்ள ஓடி, சாரல் அடிக்குதுன்னு கதவையும் சாத்திட்டாரு. “ரிமோட்ட நனைய விட்றாதீங்க சார்!”னு உள்ளேர்ந்து சத்தம். நானும் ஒரு கூறு கெட்டவன், சொன்னாரேன்னு ரிமோட்ட சட்டைக்குள்ள விட்டு, குனிஞ்சு, அதுக்கு மழை படாம நின்னேன். அப்புறமா கதவத் தொறந்து, ரிமோட்டத்தான் மொதல்ல வாங்குனாரு. சட்டைப் பையில இருந்த என் போன எடுத்துப் பாத்தா, உசுரு இல்ல.

“இவ்வளவு பாடுபட்டு அடைச்சுக் குடுத்திருக்கீங்க, அதக் கொண்டு போயி தண்ணியில விட எப்படி சார் மனசு வரும்?”

*அரிசி டப்பா*

பஸ்ல வர்றப்ப ஒரு பொய்ய நல்லா தயார் பண்ணிக்கிட்டேன். தனபால் வாய்க்கால்ல விட்டாரு, அக்கரைக்குப் போயி திரும்பி வந்துச்சு, நான் கண்ணால பாத்தேன். அரியலூர்ல ஏறுனதுலேர்ந்து பெரம்பலூர் வர்ற வரைக்கும் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்தேன். வூட்டுக் கதவத் தொறந்த சுதா, சொட்டச் சொட்ட நின்ன என்னையும் என் கையில இருந்த செத்த போனையும் பாத்து, “என்னங்க ஆச்சு?”ன்னா. அவ்வளவுதான், பொய்யி எந்தப் பக்கம் போச்சுன்னு தெரியல. தெர்மாகோல், பாலித்தீன், ரப்பர் பேண்டு, சாத்துன கதவு, எல்லாத்தையும் சொல்லிட்டேன். சுதா சிரிக்க ஆரம்பிச்சா. சுவத்தப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சுப் பாத்து ரொம்ப நாளாச்சு. தண்ணியே படாத வண்டி கணக்குல வராது, தோத்துட்டேன்னு தெரிஞ்சும் எனக்கும் சிரிப்பு வந்துச்சு. சரி, இருக்கட்டும்னு, தலையத் தொவட்டிக்கிட்டே ஸ்டூல் கதையயும், மச்சான் சொன்னதையும் சொன்னேன்.

சிரிப்பு நின்னு போச்சு. “அண்ணன் அப்படியா சொன்னுச்சு?” “ஆமா.” “கடையில ஆளுங்க இருந்தாங்களா?” “இருந்தாங்க.” என் கையில இருந்த போன வாங்குனா. அரிசி டப்பாவத் தொறந்து உள்ள புதைச்சு மூடுனா. நனைஞ்ச போன அரிசியில போடாதீங்க, தூசிதான் போகும்னு ஊருக்கே சொல்றவன் நான். அன்னிக்கு வாயத் தொறக்கல. அடுத்ததா தன்னோட போன எடுத்து அண்ணன் நம்பரப் போட்டா. அந்தப் பக்கம் மச்சான் குசலம் விசாரிக்கிறது எனக்கே கேட்டுச்சு. சுதா அதுக்கெல்லாம் பதில் சொல்லல.

“அண்ணே, ஒரு வண்டி திரும்பி வரல. அவரு வர மாட்டாரு, கூட்டுற ஆளத் திரும்பக் கூப்புட்டுக்க.”

இத்தன வருசத்துல எத்தனையோ சந்து பொந்த நான் அடைச்சிருக்கேன், ஒரு சொட்டு ஒழுகாம முழுசா அடைபட்டது அரியலூருக்குப் போற அந்த வழி ஒண்ணுதான், அதையும் அடைச்சது நான் இல்ல.